ஒரே கதை, நாலு புத்தகம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதிகமாகச் சண்டை நடந்தது மறுபதிப்பைப் பற்றித்தான். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒரு சின்ன ஹோட்டல். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே சேருவோம். எல்லாருக்கும் முப்பது வயது தாண்டியிருக்கும். எல்லார் பையிலும் தமிழ் காமிக்ஸ் இருக்கும். காபியைப் பை-டூ சொல்லி வாங்கி, ஒன்றை இரண்டு பேராகப் பகிர்ந்துகொண்டு, இரட்டையாக இருக்கிற பழைய இதழ்களை மாற்றிக்கொள்வோம். பக்கத்து மேசையில் இட்லி சாப்பிடுகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம்.

எங்களில் மூத்தவர் ஒரு வங்கியில் காசாளர். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து, தேய்த்த சட்டையோடு கோயிலிலிருந்து நேராக வருவார். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்கு முதல் பதிப்பு மட்டும்தான் புத்தகம். சின்ன வயதில் வாங்கிய ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். மறுபதிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்.

நாங்கள் எல்லாருமே விரும்பிய ஒரு கதை இருந்தது. தீவு ஒன்றில் கலங்கரை விளக்கம். சில நாட்களில் விளக்கு தானாக அணைந்துவிடும், கப்பல்கள் பாறையில் மோதும். கால் ஊனமான ஒரு பழைய மாலுமி அது ஏன் என்று கண்டுபிடிக்கப் போவான். உள்ளங்கை அளவு புத்தகமாக எங்கள் சின்ன வயதில் வந்தது. பிறகு இரண்டு முறை மறுபதிப்பு ஆனது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அது மூன்றாவது முறையாக, பெரிய அளவில் வந்தபோது நான் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன்.

சார் பார்த்துவிட்டார்.

"ஏற்கெனவே உன்கிட்ட ரெண்டு இருக்கு இல்ல?"

"இருக்கு சார்."

"இப்போ இன்னும் ரெண்டா? ஒரே கதை, நாலு புத்தகம்! தம்பி, உன்ன மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் அவங்க புதுக் கதை போடவே மாட்டாங்க. பழசையே அட்டை மாத்தி அட்டை மாத்திக் குடுப்பாங்க. நீயும் வாங்கிட்டே இரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என்னிடம் இருந்த பதில், காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சொல்கிற பதில் இல்லை. அதை இங்கே சொல்கிறேன்.

நான் படித்தது கன்னடப் பள்ளியில். அப்பாவுக்கு ஒரு நூல் மில்லில் வேலை. மாகடி ரோட்டை ஒட்டி, மில்லுக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு. வரிசையாக எட்டு வீடுகள், நடுவில் எல்லாருக்கும் ஒரே குழாய்; கன்னடத்தில் வடாரம் என்பார்கள். அந்த எட்டு வீட்டில் தமிழ் பேசுகிற வீடு எங்களுடையது மட்டும். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எந்த எழுத்துமே தெரியாது.

தமிழ் எழுத்தை எனக்குக் கொடுத்தது காமிக்ஸ்தான். ஒரு முறை அப்பா அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்து போட்டார். படம் பார்த்துக்கொண்டே போனேன். அடி வாங்குகிற ஒவ்வொருவன் வாயிலிருந்தும் ஒரே எழுத்து வந்தது. அதுதான் 'ஆ' என்று நானே புரிந்துகொண்டேன். துப்பாக்கி பக்கத்தில் இருந்தது 'டுமீல்'. இப்படி அடியிலும் வெடியிலும் தொடங்கிய படிப்பு. தெரியாத எழுத்தை மட்டும் அப்பாவிடம் கேட்பேன். நான் முழுதாகக் கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'ஆபத்து'. அதைப் படித்துவிட்டு வடாரம் முழுக்க ஆபத்து ஆபத்து என்று கத்திக்கொண்டு ஓடினது நினைவிருக்கிறது. யாருக்கும் அர்த்தம் புரியவில்லை, அதனால் யாரும் பயப்படவில்லை.

பதினெட்டு வயதுக்குள் ஓர் இரும்புப் பெட்டி நிறையச் சேர்த்துவிட்டேன். அறுபதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கலங்கரை விளக்கக் கதையும் அதில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்ததில் அட்டை கழன்று, நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தேன்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊரில் கலவரம் வந்தது. அப்போது நான் அல்சூரில் ஒரு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திடீரென்று பஸ் நின்றது. கூட வேலை செய்த ஒருவர் என்னை ஜோகுபாளையத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா மில்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அம்மா மட்டும். போன் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் கிடையாது. மூன்று நாள் அம்மா இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இருந்தேன்.

நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்ததும் அழுதாள், நானும் அழுதேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன். இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. காலி. குளியலறை வெந்நீர் அண்டாவுக்குக் கீழே அடுப்பில் சாம்பல் குவிந்திருந்தது. ஓரத்தில் எரியாமல் தப்பிய ஓர் அட்டைத் துண்டு. அதில் நீலக் கடல்.

அம்மா பின்னாலேயே வந்தாள்.

"பயமா இருந்துச்சுடா. வீடு வீடா வந்து பாக்கறாங்கன்னு சொன்னாங்க. தமிழ்ல எழுதினது எதுவும் கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னாங்க. எது எதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எங்க தெரியும்? எல்லாத்தையும் போட்டுட்டேன்."

அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் சொன்னது இது: "உனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவளா இருந்தா எரிச்சிருக்க மாட்டே."

அம்மா சாம்பலை முறத்தில் வாரிக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுத் தொட்டம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். தொட்டம்மா என்றால் பெரியம்மா. எங்களுக்கு உறவில்லை, அவர்கள் கன்னடக்காரர்கள். ஆனால் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அவள் புருஷன் சிட்டி பஸ் ஓட்டுகிறவர். மூட்டைக்குள் என் காமிக்ஸ் பதினொன்று இருந்தது. சாமி படங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாளாம். கற்பூரமும் எண்ணெயும் கலந்த வாசனை. உங்கள் அம்மா அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போனேன் என்று மட்டும் சொன்னாள். நான் அந்த மூட்டையை ஆவலாகப் பிரித்துத் தேடினேன். கலங்கரை விளக்கம் அதில் இல்லை. தொட்டம்மாவுக்கு நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

அடுத்த வருஷம் ஜோகுபாளையத்துக்கே குடி வந்துவிட்டோம். சுற்றிலும் தமிழ். கடையில், குழாயடியில், கோயிலில் எல்லாம் தமிழ். பஸ் பிடித்து மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்த அப்பா சில வருஷத்தில் காலமானார். எனக்குக் கல்யாணம் ஆனது. நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தொண்ணூற்று ஏழோ எட்டோ, கலங்கரை விளக்கக் கதை மறுபதிப்பாக வருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அன்றே மணியார்டர் அனுப்பினேன். ஒரு மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையைப் பிரித்தபோது அம்மா பக்கத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டையில் அதே நீலக் கடல், அதே விளக்கு.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது நான் எரிச்சதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறேழு வருஷமாக அவள் அதை மனதில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"ஆமாம்மா. அதேதான்."

"அதே எப்படி? எரிஞ்சு போச்சே."

"மறுபடியும் அச்சுப் போட்டிருக்காங்க."

"அப்படியெல்லாம் போடுவாங்களா?" முறத்தைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள், கப்பல் கவிழ்ந்திருப்பதைப் பார்த்துத் தானே திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "எல்லாப் பக்கமும் இருக்கா?"

"இருக்கும்மா."

"மத்ததும் வருமா?"

"தெரியல. வந்தா வாங்கறேன்."

"வாங்கு," என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டுக்கு எந்தத் தபால் உறை வந்தாலும் அம்மா கேட்கிற முதல் கேள்வி அதுதான். இது நான் எரிச்சதா? ஆமாம் என்றால் வாங்கிப் பார்ப்பாள். இல்லை என்றால் "சரி, வச்சுக்க" என்று போய்விடுவாள். மறுபதிப்பு வேண்டுமா வேண்டாமா என்று ஹோட்டலில் மற்றவர்கள் விவாதித்தபோது எனக்கு விவாதிக்க ஒன்றும் இல்லாமல் போனது இதனால்தான். எரிந்தது ஐம்பதுக்கு மேல். அதில் எது திரும்பி வந்தாலும் அதை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

அந்த முதல் மறுபதிப்பில் குறை இல்லாமல் இல்லை. காகிதம் வெள்ளையாக இருந்தது, ஆனால் படத்தின் கோடுகள் சில இடங்களில் மொத்தமாக அப்பியிருந்தன. கடைசியில் வரும் வாசகர் கடிதப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். விளக்கு அணைகிற இடத்தில் மாலுமி பேசுகிற வசனம் மாறிவிட்டதாக எனக்குப் பட்டது. 'விளக்கு போச்சுன்னா கடலுக்கே கண்ணு போன மாதிரி' என்று அவன் சொல்வதாக எனக்கு நினைவு. புதிதில் 'விளக்கு அணைந்துவிட்டதே!' என்று மட்டும் இருந்தது. பழைய வசனத்தைப் பென்சிலால் அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுதி வைத்துக்கொண்டேன்.

இதைப் பிற்பாடு சாரிடம் சொன்னபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "இதுக்குத்தான் சொல்றேன், மறுபதிப்ப நம்பாதேன்னு. வா வீட்டுக்கு, ஒரிஜினல் காட்டறேன்." போனேன். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். உறையிலிருந்து மெதுவாக உருவி, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துப் பக்கத்தைத் திருப்பினார். முதல் பதிப்பில் இருந்தது: 'விளக்கு அணைந்துவிட்டதே!'

அவ்வளவுதான். கடலுக்குக் கண் போன வசனம் எங்கேயும் இல்லை. நானே இத்தனை வருஷத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டது.

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னுது நல்லா இருக்கு தம்பி. எழுதி அனுப்பு, அடுத்த பதிப்புல போடட்டும்." நானும் சிரித்தேன். முதல் பதிப்பை உறை போட்டுக் காப்பாற்றுகிறவர்கள் மேல் எனக்கு அன்று மரியாதை கூடியது. அவர் மாதிரி ஒருவர் இல்லாவிட்டால் என் பொய்யை நானே உண்மை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது மறுபதிப்பு இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது. அட்டையைப் புதிதாக வரைந்திருந்தார்கள்.

"இது முன்னாடியே திரும்பி வந்துடுச்சே," என்றாள் அம்மா, என் கையில் பார்த்து. அட்டை மாறினாலும் அந்த விளக்கை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "இது யாருக்கு?"

வாங்கும்போது நான் யாருக்கென்றும் நினைக்கவில்லை. பழக்கத்தில் வாங்கியது. அவள் கேட்ட பிறகுதான் வாயில் வந்தது: "தொட்டம்மாவுக்கு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"நான் படிச்சுச் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு அம்மாவும் நானும் மெஜஸ்டிக் போய் பஸ் மாறி மாகடி ரோட்டுக்குப் போனோம். வடாரம் அப்படியே இருந்தது. எங்கள் பழைய வீட்டில் வேறு யாரோ. தொட்டம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நடை தளர்ந்திருந்தது. அம்மாவும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்களுக்கு ஊறவைத்த பருப்பில் தேங்காய் போட்ட கோசம்பரியும் காபியும் வந்தது. பிறகு நான் புத்தகத்தை எடுத்து, தமிழில் பார்த்துக் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தேன்.

சுலபமாக இல்லை. 'டுமீல்' வந்ததும் தடுமாறினேன். கன்னடத்தில் துப்பாக்கி எப்படி வெடிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. "டம் அன்னு," என்று தொட்டம்மா எடுத்துக் கொடுத்தாள். டம் என்றே சொன்னேன். பத்தாம் பக்கத்தில் தீவின் டாக்டர் வந்தார். தொட்டம்மா உடனே சொன்னாள்: "ஈ டாக்டரே கள்ள." இந்த டாக்டர்தான் திருடன் என்று.

"இரி தொட்டம்மா, இன்னும் கதையே ஆரம்பிக்கல," என்றேன் இரண்டு மொழியும் கலந்து.

அவள் சொன்னதுதான் சரி. நாற்பது பக்கம் தாண்டி மாலுமி கண்டுபிடிக்கிற விஷயத்தை அவள் டாக்டரின் மீசையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். கதை முடிந்ததும் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இதற்காகவா அன்றைக்கு நான் அவ்வளவு பயந்து நடுங்கினேன் என்று கேட்டுச் சிரித்தாள். அப்படியே அன்றைய நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அன்று புகை வருகிறதே என்று அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்திருக்கிறாள். அம்மா குளியலறையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாளாம். அள்ளிப் போடவில்லை. ஒவ்வொன்றாக, அட்டையைப் பார்த்துப் பார்த்து வைத்தாளாம். என் மகன் என்னை மன்னிக்கவே மாட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

"நின் புஸ்தகவா மொதலு?" என்று கேட்டு, அதற்கு அவளே பதில் சொன்னாள். உன் புத்தகமா முதலில்? இல்லை. உன் அம்மா முதலில் எரித்தது அவளுடைய கல்யாணப் பத்திரிகையை. அதற்குப் பிறகு உன் அப்பா ஊரிலிருந்து எழுதிய கடிதங்களை. பெட்டிக்கு அவள் கடைசியில்தான் வந்தாள். மிச்சம் இருந்ததை நான் முந்தானையில் கட்டிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் நாலைந்து பேர் வடாரத்து வாசலுக்கு வந்தார்கள். நான் போய் வாசலில் நின்றுகொண்டேன். "எல்லா நம்மோரே," எல்லாரும் நம்மவர்கள்தான் என்று சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள்.

அவள் அதை, பால்காரன் வந்தான் போனான் என்பது போலச் சொன்னாள். அவள் வாசலில் நின்றதை அம்மா அதுவரை என்னிடம் சொன்னதில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பற்றியும் சொன்னதில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து தொட்டம்மாவின் காலைத் தொட்டேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "ஏளோ, ஏளோ," எழுந்திரு என்று தலையில் தட்டினாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டாள். சாமி படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. டிவி மேல், எல்லாரும் பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நானும் அம்மாவும் மட்டும்.

"அம்மா, அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு."

"தெரியாதுதானே," என்றாள். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. "அதோ வருது பாரு. என்ன நம்பர்? நம்ம பஸ்ஸா?"

நம்ம பஸ்தான். அவள் கையைப் பிடித்து ஏற்றினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெஜஸ்டிக் வரும்வரை தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் என்னை எப்போதோ மன்னித்துவிட்டாள், எனக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று அன்று புரிந்தது.

தொட்டம்மாவுக்குக் கொடுத்துவிட்டதால் இரண்டாவது மறுபதிப்பில் எனக்கென்று இன்னொன்று வாங்கினேன். அதனால்தான் மூன்றாவது வந்தபோது வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. மூன்றாவதில் ஏன் இரண்டு வாங்கினேன் என்று கேட்டால், கொடுக்க யாராவது வருவார்கள் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

வந்தது சார்தான்.

ஹோட்டலில் என்னைக் கிண்டல் செய்து ஏழெட்டு மாதம் இருக்கும். அப்போது நான் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் வேலையில் இருந்தேன்; ஞாயிறு மட்டும் விடுமுறை. ஒரு ஞாயிறு மத்தியானம் சார் ஜோகுபாளையத்துக்கே வந்துவிட்டார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். பெட்ரோலைப் பற்றிப் பேசினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சுகர் கண்ணுல இறங்கிடுச்சு தம்பி. லேசர் வச்சிருக்காங்க. நோட்டு எண்றதுக்குப் பரவால்ல, கை பழகிடுச்சு. ஆனா அந்தச் சின்ன புக்கு இருக்கே... எழுத்து எல்லாம் எறும்பு ஓடற மாதிரி இருக்கு."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீ அந்தப் பெரிய சைஸு ரெண்டு வாங்கினே இல்ல? ஒண்ணு இன்னும் இருக்கா? கடையில தேடினேன், தீர்ந்து போச்சு."

எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அங்கேயே, ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். கை கழுவவில்லை. மோர் டம்ளரை அட்டை மேலேயே வைத்தார். ஒரு மணி நேரம் அவர் தலை நிமிரவில்லை. திடீரென்று கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா! இது என்ன?"

டாக்டர் வீட்டுக் காட்சி. மூலையில், ஜன்னல் ஓரம், ஒரு சின்ன எண்ணெய்க் கேன். விளக்கை அணைக்க அதில்தான் எதையோ கலக்கிறான் என்று கதை முடிவில் வரும். படம் வரைந்தவர் அதை முதலிலேயே வரைந்து வைத்திருக்கிறார். உள்ளங்கைப் புத்தகத்தில் அது வெறும் கறுப்புப் புள்ளி.

"முப்பது வருஷமா படிக்கறேன். இத நான் பார்த்ததே இல்ல," என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "உன் பக்கத்து வீட்டம்மா பத்தாம் பக்கத்துலயே சொன்னாங்கன்னு சொன்னியே, அவங்க இத பார்த்துட்டாங்களோ?"

"அவங்க மீசையைப் பார்த்தாங்க சார்."

அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்து என்னவென்று கேட்டாள்.

போகும்போது சார் வாசலில் நின்றார். "என் ஒரிஜினல நீ எடுத்துக்க. எனக்கு இனி அது பீரோவுல நிக்கத்தான். உன்னுது எரிஞ்சு போச்சு, உன்கிட்ட இருந்தா அதுக்கு மரியாதை." மனதாரச் சொன்னார். ஆனால் வேண்டாம் என்றேன். அதன் முதல் பக்கத்தில் அவர் எட்டு வயதில் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார். அது அவருடையது. நூல் போட்டுத் தைத்த என்னுடையதை யாரும் திருப்பித் தர முடியாது. அதற்குப் பதிலாகத்தான் எனக்கு ஓர் அம்மாவும் ஒரு தொட்டம்மாவும் அந்தக் கதையோடு சேர்ந்து கிடைத்தார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எனக்குச் சந்தேகம் வந்தா வந்து பார்த்துக்கறேன்," என்றேன்.

இதனால் மறுபதிப்பு எது வந்தாலும் வாங்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சில வருஷம் கழித்து அதே கதை நாலாவது முறையாகத் தடித்த அட்டையும் தங்க எழுத்துமாகப் பெட்டிக்குள் வைத்து வருவதாக அறிவிப்பு வந்தது. ஹோட்டலில் மறுபடி அதே சண்டை. இந்த முறை சார்தான் முதல் ஆளாக, "எனக்கு ஒண்ணு எழுதிக்க," என்றார். எழுத்து இன்னும் பெரிதாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். எரிந்தது திரும்பி வந்துவிட்டது. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. அலமாரியில் அது இருக்கிறது. எடுத்துப் படிக்க முடிகிறது. கண் இன்னும் நன்றாக இருக்கிறது. இன்னொன்று வந்தால் அது வெறும் பெட்டி. அந்தக் காசுக்குப் புதுக் கதை ஏதாவது வந்தால் வாங்கலாம்.

"எனக்கு வேணாம் சார்," என்றேன்.

ஹோட்டலே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்த விளக்குப் புத்தகம் மறுபடி வருது, இந்தத் தடவை வாங்கலன்னு சொல்லிட்டேன் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, ஈரக் கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"சூடெல்லாம் இல்லையே," என்றாள்.